பன்னிரண்டாவது விறகுக்கட்டு

கணப்புக்குக் குழந்தையைப் பிடிக்கவில்லை என்று மாமியார் சொன்னபோது முகுரே சிரிக்கவில்லை. அந்தச் சந்தேகம் அவளுக்கும் இருந்தது.

பத்து மாதமாக அது எவ்வளவு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. கினாங்கோப் மேட்டில் ஜூலைதான் கடுங்குளிர்க் காலம், மாலை நான்கு மணிக்கே நியாண்டருவா மலையிலிருந்து மூடுபனி இறங்கி உருளைக்கிழங்கு வயல்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வரும். அது வேலியைத் தொடும் நேரத்தில் புருஷன் கிமேமியா பால் கறந்து முடித்திருப்பான். ரப்பர் பூட்ஸை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்து, ஈரக் காலுறையோடு பாதங்களைத் தணலுக்கு நேராக நீட்டுவான். காலுறையிலிருந்து ஆவி கிளம்பும். "கால் வெந்துடுச்சு, உப்பு எடுத்துட்டு வா" என்பான். தினமும் அதே வார்த்தைதான். தினமும் முகுரேவுக்குச் சிரிப்பு வந்தது.

தீயின் குணம் முழுவதும் அவளுக்கு அத்துபடி. பழைய சாம்பலை மொத்தமாக வாரக்கூடாது, இரண்டு விரல் உயரத்துக்கு மெத்தை மாதிரி விட்டுவைக்க வேண்டும். பருத்த கட்டை இரண்டு பின்னால், மெலிந்தது ஒன்று முன்னால், நடுவில் உலர்ந்த சோளச் சக்கை. சைப்ரஸ் சுள்ளி சடசடவென்று பேசும், பொறியும் தெறிக்கும். அதைப் பற்றவைக்க மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சீகைக்கட்டை வாயே திறக்காது. ஒரு மாலை முழுவதும் ஒரே நினைவாக எரிந்துகொண்டிருக்கும். முகுரே அதன் முன்னால் உட்கார்ந்து, தணலுக்குள் சிவந்த தெருக்களும் இடிந்து விழும் வீடுகளுமாக ஒரு ஊர் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மணி போவதே தெரியாது.

வீடு கட்டும்போது கிமேமியா தண்ணீர்த் தொட்டிதான் முதலில் என்றான். அவள் கணப்பு என்றாள். கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம், பின் இரண்டு வருஷம், கீழே நைவாஷாவில் ஒரு ரோஜாத் தோட்டத்தின் குளிர்கிடங்கில் வேலை பார்த்தவள் அவள். வெளியே வெயில் அடிக்கும். உள்ளே கம்பளிக் குல்லாயும் கையுறையுமாக நின்று, முகம் தெரியாத தேசங்களுக்குப் போகும் ரோஜாக்களை அடுக்கிக்கொண்டிருப்பாள். கிடங்கின் கதவு திறந்தால் காதுக்கு முன் கணுக்காலுக்குத் தெரியும். காற்று தரையோடு ஊர்ந்து வந்து முதலில் அங்கேதான் தொடும். மேலே மாடுகளோடு புருஷன், கீழே பூக்களோடு அவள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு குடும்பம். "அஞ்சு வருஷம் குளிர்ல நின்னு சம்பாதிச்சேன். மிச்ச ஆயுசைக் கதகதப்பா உக்காந்து கழிக்கணும்" என்று சொன்னாள். கிமேமியா மறுபேச்சுப் பேசாமல் கொத்தனார் தெயூரியைக் கூட்டிவந்தான்.

பிறகு குழந்தை எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டது. இரண்டு கிலோவுக்கும் குறைவு. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள். குழந்தையை நெஞ்சோடு ஒட்டவைத்தே இருக்க வேண்டும். அறை சூடாக இருக்க வேண்டும். புகை கூடவே கூடாது. மூடின அறைக்குள் கரியடுப்பு கொண்டுவந்தால் காலையில் யாரும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

"எங்க வீட்ல கணப்பு இருக்கு" என்று முகுரே பெருமையாகச் சொன்னாள்.

முதல் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர். ஆகவே குழந்தையும் கதோனி, மாமியாரும் கதோனி. கிமேமியா தன் மகளை "அம்மா" என்றுதான் கூப்பிட்டான். "அம்மா, அழாதீங்கம்மா, பால் வருது" என்று அவன் கெஞ்சும்போது நிஜ அம்மா பக்கத்திலிருந்து, "நான் எங்கடா அழுதேன்" என்பாள்.

பெரிய கதோனி உருளைக்கிழங்கு வியாபாரி. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டியும் இரண்டு போனும் வைத்திருப்பவள். குழந்தை வந்த அன்றே பையோடு வந்து இறங்கினாள். வந்த கையோடு மாவுப்பசை காய்ச்சினாள். செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து ஜன்னல் இடுக்குகள் முழுவதும் ஒட்டினாள். சாக்கைச் சுருட்டிக் கதவடியில் அணைகட்டினாள். கணப்புக்கு இடப்பக்கம், முழங்கால் உயரத்தில், தெயூரி சாரக்கட்டை செருக விட்டுவைத்த ஓட்டை ஒன்று இருந்தது. "நாளைக்கு அடைச்சுடறேன்" என்று அவன் பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஓட்டை. அதில் கிமேமியாவின் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரைத் திணித்தாள். "ஒரு எறும்பு மூச்சுவிட்டாக்கூட இனிமே உள்ள வராது" என்று கையைத் தட்டிக்கொண்டாள்.

அன்று மாலைதான் கணப்பு முதல்முறையாகப் புகைந்தது.

கொஞ்சநஞ்சம் இல்லை. புகை மேலே போகவே மனமில்லாததுபோல் கணப்பின் வாயிலேயே தயங்கி நின்றது. பிறகு சாவகாசமாகத் திரும்பி அறைக்குள் வந்தது. குழந்தை தும்மியது. பெரிய கதோனி ஒரு முறம் சாம்பலைக் கொட்டித் தீயை அடக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

தெயூரி வந்தான். கூரைமேல் ஏறி, சாக்கில் கல்லைக் கட்டிப் புகைபோக்கிக்குள் இறக்கி இறக்கி இழுத்தான். கீழே ஒரு கூடை கரியும் ஒரு பறவைக்கூடும் விழுந்தன. "இதோ உங்க திருடன்" என்று கூட்டைத் தூக்கிக் காட்டினான். உள்ளேயும் வெளியேயுமாகப் பத்து தடவை நடந்து, தீ மூட்டி, சரிபார்த்தான். அருமையாக எரிந்தது. டீ குடித்தான், கிளம்பினான். கதவைச் சாத்திக் கால்மணி நேரம் ஆகவில்லை, மறுபடி புகை.

"அவன் இருந்த வரைக்கும் நல்லாத்தானே எரிஞ்சுது" என்றாள் முகுரே.

"அப்போ அவனையே கட்டிவச்சுக்க" என்றாள் மாமியார். இருமிக்கொண்டே கட்டையைப் பிடுங்கி இடம் மாற்றி வைத்தாள். தீயைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. முகுரே அடுக்குவதும் அவள் கலைப்பதுமாகத்தான் இருந்தது. "எனக்கு மூச்சு முட்டுது, கால் சில்லுனு இருக்கு. இந்த வீட்ல என்னைப் பத்தி யாருக்குமே கவலை இல்லையா?"

அவள் பேசியது தன்னைப் பற்றியல்ல. குழந்தைக்காகப் பேசும்போது "நான்" என்றுதான் பேசுவாள். ஒரே பெயர், ஒரே ஆள்.

விறகை மாற்றினார்கள். சைப்ரஸை ஒதுக்கிவிட்டு முழுக்கச் சீகைக்கட்டை. அதுவும் புகைந்தது. குழந்தையின் பாதங்கள் தொட்டபோதெல்லாம் ஈரக் கல்லாக இருந்தன. முகுரே நாள் முழுவதும் நான்கு போர்வைக்குள் அவளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை பெரிய கதோனி முடிவைச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை காலைல பிக்கப் கிழங்கு ஏத்திக்கிட்டு நைவாஷா இறங்குது. நீயும் குழந்தையும் அதுல ஏறுங்க. உன் நாத்தனார் வீட்ல இருங்க. அங்க வெயில் இருக்கு. செப்டம்பர்ல பார்த்துக்கலாம்."

"மாடுகளை விட்டுட்டு இவரால வர முடியாதேம்மா."

"அவன் என்ன பால் குடிக்கிற குழந்தையா?"

முகுரே கிமேமியாவைப் பார்த்தாள். அவன் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை குளிர்ந்துபோகிறாள், கண்ணால் பார்க்கிறோம். மறுபடியும் நைவாஷா. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பம். முகுரே கரி படிந்த அந்தச் சதுர வாயைப் பார்த்து மனதுக்குள் கேட்டாள்: உனக்கு என்னதான் வேணும்?

சனிக்கிழமை மதியம் அக்கம்பக்கத்துப் பெண்கள் விறகு கொண்டுவரும் நாள். பிள்ளை பெற்றவளின் வீட்டுக்கு அந்த மலைச்சரிவில் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆளுக்கொரு கட்டு விறகைப் பட்டையால் நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்து வருவார்கள். சுமையை இறக்கி, அதிலிருந்து ஒரு கட்டையைத் தாங்களே தீயில் வைத்துவிட்டுத்தான் குழந்தையின் முகம் பார்ப்பார்கள். ஆண்களுக்கு அன்று வீட்டுக்குள் இடமில்லை. கிமேமியா மாடுகளோடு இருந்தான்.

"தீ மூட்டவா வேண்டாமா?" என்று முகுரே கேட்டாள்.

"மூட்டாம எப்படி? ஊரே வருது. புகைஞ்சா புகையட்டும், அணைச்சுடலாம்" என்றாள் மாமியார். பெரிய பானையில் கறுப்பு மொச்சை கொதித்துக்கொண்டிருந்தது, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற.

முதல் பெண் குலவையிட்டபடி வந்தாள். அவள் பின்னாலேயே இரண்டாவது. ஒருத்தி வாசலில் சேற்றைத் தேய்த்துக்கொண்டிருக்க, ஒருத்தி கட்டோடு கதவில் மாட்டிக்கொள்ள, இன்னொருத்தி அவளைத் தள்ள, ஒரே அமர்க்களம். கணப்புக்குப் பக்கத்தில் தாழ்ந்த முக்காலியில் குழந்தையை நெஞ்சில் கட்டியபடி முகுரே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தியும் ஒரு கட்டையை வைக்க வைக்கத் தீ நிமிர்ந்தது. புகை நூல் பிடித்ததுபோல் மேலே போயிற்று. பதினோரு பெண்கள், பதினோரு கட்டை. முகுரேவின் முகம் காய்ந்து சிவந்தது. குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு.

"பாத்தீங்களா" என்றாள் ஒருத்தி. "கைராசி. நாங்க கொண்டுவந்த விறகுன்னா கேக்குது."

பெரிய கதோனி அடுப்பிலிருந்து மொச்சையை இறக்கினாள். அவள் முகத்தில்கூட ஏதோ தளர்ந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வாமாய்த்தாவைத் தவிர."

"அவ வர்றதுக்குள்ள இந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போயிடும். கதவைச் சாத்துங்கடி, குளிருது."

கதவு சாத்தப்பட்டது. சாக்குச் சுருளை யாரோ பொறுப்பாகக் காலால் நெருக்கி வைத்தார்கள். தட்டுகள் கைமாறின. பாட்டு ஒன்று தொடங்கியது. இரண்டாவது அடி முடிவதற்குள் புகை தயங்கியது. முகுரே பார்த்துக்கொண்டே இருந்தாள். அது கணப்பின் வாய்க்கு வந்தது, குனிந்தது, உள்ளே நுழைந்தது. பாட்டு இருமலாக மாறியது. குழந்தை வீலென்று அழ ஆரம்பித்தாள்.

"போதும்" என்றாள் பெரிய கதோனி. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாம்பல் முறத்தை எடுத்தாள். "இனிமே பேச்சே இல்லை. நாளைக்குக் காலைல நான் நைவாஷா போறேன். இந்தத் தீ என்னைக் கொல்லப் பாக்குது."

முறம் உயர்ந்த அதே நேரத்தில் கதவு திறந்தது. சாக்கைத் தள்ளிக்கொண்டு, மூச்சிரைக்க, முதுகில் முருங்கைக்காய் மாதிரி மெலிந்த குச்சிகளோடு வாமாய்த்தா நின்றாள்.

"என் வீட்டுக்காரர் கோடாலியை எங்கயோ வச்சுட்டாரு" என்று தொடங்கினாள்.

முகுரேவின் கணுக்காலை ஏதோ தொட்டது. சில்லென்று, தரையோடு ஊர்ந்து வந்து. குளிர்கிடங்கில் ஐந்து வருஷம் தொட்ட அதே விரல். அது அவள் கணுக்காலைக் கடந்து நேராகக் கணப்புக்குள் போயிற்று. தீ நிமிர்ந்தது. புகை, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல், திரும்பி மேலே போனது.

"அம்மா, கொட்டாதீங்க" என்றாள் முகுரே. "வாமாய்த்தா, வெளிய போ."

வாமாய்த்தாவின் வாய் திறந்தபடியே நின்றது. "குச்சி சின்னதுதான், ஒத்துக்கறேன். அதுக்காக வெளிய போன்னு சொல்லுவியா?"

"போயிட்டுக் கதவைச் சாத்து. நான் கூப்பிட்டதும் வா."

"புள்ள பெத்தவளுக்குத் தலை சுத்துது போல" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் போனாள். கதவு மூடிக்கொண்டது. எல்லோரும் முகுரேவைப் பார்த்தார்கள். முகுரே புகையைப் பார்த்தாள். அது தயங்கியது, குனிந்தது.

"வா."

வாமாய்த்தா வந்தாள். புகை நிமிர்ந்தது.

"இன்னொரு தடவை போ."

மூன்றாவது தடவை அவள் போய்வந்தபோது பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "வாமாய்த்தாவை வாசல்லயே நிறுத்திடலாம், புகைபோக்கிக்குக் காவல்" என்றாள் ஒருத்தி. "சம்பளம் என்ன தருவீங்க?" என்றாள் வாமாய்த்தா. ஆனால் நான்காவது தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தீயைத்தான் பார்த்தார்கள்.

"இதுக்கு மூச்சு வேணும்" என்றாள் முகுரே. "நாம வாயைப் பொத்திட்டோம். முன்னாடி இடுக்கு வழியா எடுத்துக்கிட்டிருந்தது. தெயூரி வந்தப்போ கதவு திறந்தே கிடந்தது, எரிஞ்சுது. இப்போ நீங்க ஒவ்வொருத்தரா வந்தீங்க, எரிஞ்சுது. சாத்தினா திணறுது."

பெரிய கதோனி முறத்தை இன்னும் கையில் பிடித்திருந்தாள்.

"அதுக்கு?" என்றாள். "பச்சப்புள்ள இருக்கற வீட்ல ஜன்னலைத் திறக்கச் சொல்றியா? இந்த ஜூலைல? ஊர் சிரிக்கும்."

"ஜன்னல் வேண்டாம்மா. காத்து படுக்கை மேல வரும். இது போதும்."

முகுரே ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு குனிந்தாள். கணப்புக்கு இடப்பக்கத்து ஓட்டையில் திணித்திருந்த ஸ்வெட்டரின் கையைப் பிடித்தாள். அங்கிருந்து தீ ஒரு முழம். காற்று வந்தால் யாரையும் தொடாமல் நேராக அதற்கே போகும். ஆனாலும் அவள் இழுக்கவில்லை. மாமியாரைப் பார்த்தாள். ஒட்டிய ஒவ்வொரு காகிதப் பட்டையும், திணித்த ஒவ்வொரு துணியும் எதற்காக என்று முகுரேவுக்குத் தெரியாதா?

"நீங்க குளிர் வராம பாத்துக்கிட்டீங்க" என்றாள் மெதுவாக. "நான் தீயைப் பாத்துக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் விடுங்க. நாளைக்குக் காலைல உங்க பேத்தியோட கால் சில்லுனு இருந்தா, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே வண்டில ஏறிடறேன்."

பெரிய கதோனி பதினோரு பெண்களையும் பார்த்தாள். வாமாய்த்தாவைப் பார்த்தாள். கடைசியில் குழந்தையைப் பார்த்தாள். அழுகை நின்று, அது வெளிச்சத்தை வெறித்துக்கொண்டிருந்தது.

"இழு" என்றாள்.

ஸ்வெட்டர் தூசியோடு வந்து விழுந்தது. ஓட்டையில் ஒரு சின்ன ஊதல். கதவு சாத்தியபடியே இருந்தது. புகை ஒருமுறை தள்ளாடியது, பின் நிமிர்ந்தது. பாட்டை யார் மறுபடி எடுத்தார்கள் என்று தெரியவில்லை. முழுப் பாட்டும் முடியும்வரை அது குனியவே இல்லை. வாமாய்த்தா தன் குச்சிக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, பயபக்தியோடு தீயில் வைத்தாள். "மெலிசா இருந்தாலும் என்னோடதுதான் கடைசியா வேலை செஞ்சுது" என்றாள். யாரும் மறுக்கவில்லை.

சேதி ஊருக்குள் அதற்குள் போய்விட்டது. மறுநாள் விடிந்து பனி கரையும்முன் தெயூரி வந்து நின்றான். "அந்த ஓட்டையை நான் எதுக்கு விட்டேன்னு நினைச்சீங்க?" என்றான், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"நாளைக்கு அடைச்சுடறேன்னு பத்து மாசமா சொன்னது யாரு?" என்றாள் முகுரே.

"சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன். அடைச்சேனா?" என்றான் அவன்.

எட்டரை மணிக்கு பிக்கப் வந்து ஹாரன் அடித்தது. குழந்தைத் துணிகள் அடைத்த பை முந்தாநாளிலிருந்தே கதவோரம் தயாராக இருந்தது. கிமேமியா பால்வாளியோடு தொழுவத்திலேயே நின்றுவிட்டான், உள்ளே வரத் தைரியம் இல்லாமல். முகுரே கணப்பின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். விடிவதற்கு முன்பே எழுந்து சாம்பலை விலக்கி, உறங்கிக்கிடந்த கங்குகளை முன்னால் இழுத்து, சுள்ளி வைத்து ஊதி, இரண்டு சீகைக்கட்டை சாத்திவிட்டாள். அறை முழுவதும் மெழுகு நிறத்தில் ஒரு கதகதப்பு.

பெரிய கதோனி குனிந்து போர்வைக்குள் கையை நுழைத்தாள். குழந்தையின் வலது பாதம். இடது பாதம். மறுபடி வலது பாதம். கையை எடுக்கவில்லை.

வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. "அம்மா, மூட்டை எல்லாம் ஏத்தியாச்சு. ஆள் எங்க?" என்று டிரைவர் கத்தினான்.

அவள் கதவைத் திறந்து வாசலில் நின்றாள். "எந்த ஆளு?"

"கதோனி வர்றதா சொன்னீங்களே. சின்ன கதோனி."

"சின்ன கதோனி தூங்கறா. பெரிய கதோனி இன்னும் டீ குடிக்கல. நீ போய்க் கிழங்கை இறக்கிட்டு வா. குளிர் உள்ள வருது, கதவைச் சாத்தணும்."

கதவைச் சாத்திவிட்டு, பையைத் தூக்கிவந்து, உள்ளிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் கணப்புக்கு மேலிருந்த கயிற்றில் போட்டாள். தொழுவத்தில் பால்வாளியைக் கீழே வைக்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து ரப்பர் பூட்ஸ் ஓடிவரும் சத்தமும் கேட்டன. கயிற்றில் தொங்கிய துணிகளிலிருந்து சோப்பு வாசனை எழுந்தது.

பெரிய கதோனி விறகுக் குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு தீயின் முன்னால் குந்தினாள். அதைக் கையில் பிடித்தபடி முகுரே பக்கம் திரும்பினாள்.

"இதை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டாள்.